பூனைக்குட்டியின் முகம் வரைவோம்

வானொலியில் படம் வரையக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். இங்கே கரும்பலகை இல்லை. என் கையை நீங்கள் பார்க்கவும் முடியாது. ஆனால் அதிலும் ஒரு நன்மை உண்டு. பார்த்து எழுத எதிரே படம் இல்லாதபோது, பிள்ளை தானே யோசித்துக் கோடு போடும். ஆகவே நான் சொல்லச் சொல்ல, நீங்கள் வரையுங்கள்.

ரிங்லெட் பக்கத்துத் தோட்டங்களில் பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டால், பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பார்கள். அந்த நேரத்துக்கு ஏற்ற வேலை இது. விலையுயர்ந்த வர்ணங்கள் தேவையில்லை. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம், ஒரு பென்சில், ஒரு தேநீர்க் கோப்பை ஆகிய மூன்றும் போதும்.

முதலில் கோப்பையைத் தாளின்மேல் கவிழ்த்து, அதன் வாயைச் சுற்றிக் கோடு இழுங்கள். வட்டம் கிடைத்துவிட்டது. கோலம் போடும்போது அம்மா முதலில் புள்ளி வைக்கிறார் அல்லவா? புள்ளி சரியாக இருந்தால் கோலம் கோணாது. நமக்கும் அப்படி வழிகாட்டும் கோடுகள் இரண்டு வேண்டும். வட்டத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். அடுத்தது குறுக்குக்கோடு. அதைச் சரிபாதியில் போடாமல், பாதிக்குச் சற்றுக் கீழே போடுங்கள். இரண்டையும் மிக இலேசாகப் போடுங்கள். பிறகு அழிக்க வேண்டும்.

குறுக்குக்கோட்டின்மேல் இரண்டு கண்கள் வரையுங்கள். பெரிதாகவே வரையலாம். இரண்டுக்கும் நடுவே இன்னொரு கண் வைக்கும் அளவு இடம் விடுங்கள். கண்ணுக்குள் கறுப்புத் தீட்டும்போது, மேல் ஓரத்தில் சிறு புள்ளியளவு வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். இரண்டு கண்ணிலும் அது ஒரே பக்கத்தில் இருக்கட்டும். விளக்கு வெளிச்சம் கண்ணில் பட்டுத் தெறிப்பதுபோல் தோன்றும். அதுவரை பொம்மைக் கண்ணாக இருந்தது உயிர்பெற்றுவிடும்.

கண்களுக்குச் சற்றுக் கீழே, நடுக்கோட்டில், தலைகீழான சிறு முக்கோணம் ஒன்று போடுங்கள். அதுதான் மூக்கு. மூக்கின் நுனியிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாகத் தூண்டில் முள்போல் இரண்டு வளைவுகள் வரைந்தால் வாய். கன்னத்தில் மும்மூன்று மீசை முடிகள். தலைமேல் இரண்டு முக்கோணக் காதுகள். வழிகாட்டிக் கோடுகளை அழித்துவிடுங்கள். பூனைக்குட்டி உங்களைப் பார்க்கிறது!

இனி ஒரு சோதனை. அதே கோப்பையால் இன்னொரு வட்டம் போடுங்கள். இம்முறை குறுக்குக்கோட்டைப் பாதிக்கு மேலே போட்டு, கண்களைச் சிறியதாக, நெருக்கமாக வையுங்கள். மூக்கைக் கீழே இறக்கி, சற்றுப் பெரிதாக்குங்கள். காதும் மீசையும் முன்போலவே இருக்கட்டும். இப்போது இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது குட்டி, இரண்டாவது வயதான கடுவன் பூனை! வட்டம் ஒன்றுதான். கண் இருக்கும் இடமும் அதன் அளவும் முகத்தையே மாற்றிவிட்டன.

இதற்குக் காரணம் உண்டு. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பாருங்கள். நெற்றி அகலம், கண்கள் முகத்தின் பாதிக்குக் கீழே இருக்கும், கன்னம் உப்பியிருக்கும், மூக்கும் வாயும் சிறியவை. இத்தகைய முகத்தைக் கண்டால் அணைத்துக் காக்கவேண்டும் என்ற உணர்வு மனிதருக்கு எழுகிறது என்று ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1943-ஆம் ஆண்டில் எழுதினார். 1928-இல் திரைக்கு வந்த மிக்கி மவுஸ் என்னும் எலியும் இதற்குச் சான்று. ஆண்டுகள் செல்லச்செல்ல அதன் தலையும் கண்ணும் பெரிதாக வரையப்பட்டு வந்ததை, அமெரிக்க அறிவியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1979-இல் அளந்தே காட்டினார்.

பூனை முகம் கைக்கு வந்துவிட்டால் மற்ற பிராணிகளும் வந்ததுபோலத்தான். நீண்ட காது வைத்தால் முயல். அரைவட்டக் காது வைத்தால் கரடி. காதைத் தொங்கவிட்டால் நாய்க்குட்டி. நம் நாட்டுக் கதைகளில் வரும் சாங் கஞ்சில் என்ற சருகுமான் வேண்டுமா? வட்டத்தின் அடியில் இன்னொரு சிறு வட்டத்தை ஒட்டி வைத்து, அதில் மூக்கை வரையுங்கள். காது இலை வடிவில் இருக்கட்டும். கொம்பு வேண்டாம், சருகுமானுக்குக் கொம்பு கிடையாது.

பெற்றோர்களே, உங்களுக்கும் சில வார்த்தைகள். "படம் போட்டுக்கொண்டிருந்தால் பாடம் யார் படிப்பது?" என்று சிலர் கேட்கிறார்கள். நம் தமிழ் எழுத்துகளைப் பாருங்கள். எத்தனை சுழி, எத்தனை வளைவு! பூனையின் கன்னத்தை நிதானமாக வளைத்துப் பழகிய விரலுக்கு 'ஐ'யும் 'ண'வும் எளிதாகும்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பிள்ளை ஆசையாகப் படத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது, "இது பூனையா, பன்றியா?" என்று சிரித்துவிடாதீர்கள். பென்சிலைப் பிடுங்கித் திருத்தியும் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால், "எனக்கு வராது" என்று பிள்ளை சொல்லத் தொடங்கும். அந்தச் சொல் படத்தோடு நிற்காது. கணக்குக்கும் வரும், வாசிப்புக்கும் வரும். வகுப்பில் கையை உயர்த்தவும் விடாது. அதற்குப் பதிலாக, "நம் வீட்டுப் பூனைக்குக் கண் எங்கே இருக்கிறது? போய்ப் பார்த்துவிட்டு வா" என்று சொல்லுங்கள். ஆயிரம் இலைகளுக்கு நடுவே எது கொழுந்து, எது முற்றல் என்று பார்த்தவுடன் சொல்லும் கண் உங்களுடையது. அந்தப் பார்வையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். வரைவதில் பாதி வேலை பார்ப்பதுதான்.

நம் நாட்டின் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் லாட், 1951-இல் பேராக் மாநிலத்தில் பிறந்து கம்பத்தில் வளர்ந்தவர். அவருடைய முதல் சித்திரக்கதை 1964-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 13 தான். தாம் வளர்ந்த கம்பத்து வாழ்க்கையையே 1979-இல் 'தி கம்போங் பாய்' என்னும் நூலாக வரைந்தார். உலகமே விரும்பிப் படித்தது. பக்கத்தில் இருப்பதை உற்றுப் பார்த்தவரின் கோடு அது.

தம்பி தங்கைகளே, இன்று வரைந்த படத்தின் மூலையில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே முகத்தை மறுபடியும் வரையுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கண்ணே சொல்லும்.