மறுக்கலாகாத நறுமணச் செடி

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

நம் பள்ளிவாசல் ஹவுளுக்கு அருகே ஆளுயரம் வளர்ந்து நிற்கும் எலுமிச்சந்துளசியைத் தாங்கள் அறிவீர்கள். அதனை நட்டபோது, "துளசியைப் பள்ளிவாசலில் வைக்கலாமா ஹஜ்ரத்?" எனச் சிலர் வினவினர். மார்க்கப் பேணுதலால் எழுந்த கேள்வியாதலால் எனக்கு வருத்தமில்லை. ஆயினும் விடை கூறுவது என் கடமை.

இந்துச் சகோதரர்கள் மாடத்தில் வைத்து வணங்குவது இதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு துளசி. அதுவும் அல்லாஹ்வின் படைப்பே. படைப்பை வணங்குவதே நமக்கு விலக்கப்பட்டது, செடி விலக்கப்பட்டதன்று. அர்ரஹ்மான் அத்தியாயம் 'ரைஹானை' இறையருளாக எடுத்துரைக்கிறது. நறுமணச் செடிகளைக் குறிக்கும் அச்சொல்லை அரபு மக்கள் துளசி இனத்துக்கும் வழங்குகின்றனர். ரைஹான் கொடுக்கப்பட்டால் மறுக்கலாகாது என நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ரமளானில் ஷர்பத்தில் நாம் ஊறவைக்கும் சப்ஜா விதையும் இவ்வினத்துத் திருநீற்றுப்பச்சையின் விதைதான். விதையைப் பருகிவிட்டுச் செடியைக் கண்டு தயங்கலாமா?

இதனை வளர்ப்பது எளிது. விதை மிக நுண்ணியது. மண்ணின் மேல் தூவி, மெல்லிய மண்ணால் மூடினால் போதும். ஒரு சாண் தண்டை நட்டாலும் வேர்விடும். வெயில் வேண்டும், வேரடியில் நீர் தேங்கலாகாது. சோப்புக் கலவாத ஒளுத் தண்ணீரே இதற்குப் போதுமானது. பூங்கதிர்களைக் கிள்ளினால் இலை தழைக்கும். தேனீக்களுக்காகச் சிலவற்றை விட்டுவிடுங்கள். அடித்தண்டு மரம்போல் முற்றி, சில ஆண்டுகள் பலன் தரும்.

நைஜீரியாவின் யொரூபா மக்கள் இதனை 'எஃபின்ரின்' என்றழைத்து, குழம்பிலும் சூப்பிலும் சேர்க்கின்றனர். நாமும் இறைச்சி ஆணத்தை இறக்கும் தறுவாயில் நான்கைந்து இலைகளை நறுக்கி இடலாம். கிராம்புக்கு மணமூட்டும் யூஜினால் இவ்விலையிலும் பெரும்பாலும் உண்டு. சளிக்கும் வயிற்று மந்தத்துக்கும் இலைக் கஷாயம் அருந்துவது பழைய வழக்கம். ஆனால் காய்ச்சல் நீடித்தால் கஷாயத்தை நம்பிக் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். கர்ப்பிணிகள் கஷாயத்தைத் தவிர்க்கட்டும்.

வரும் ஜும்ஆவுக்குப் பின் தண்டுகள் வெட்டி வைக்கப்படும். வீட்டுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். அது தழைத்தபின் அண்டை வீட்டார் கேட்டால், அவர் எம்மதத்தவராயினும், ஒரு கிளையை ஒடித்துக் கொடுங்கள். நாம் தயக்கத்தோடு நோக்கிய செடியே நம்மிடையே நல்லுறவை வளர்க்க அல்லாஹ் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.