ஒளிந்தால் கடன் தீருமா?

(கடன் சுமையில் சிக்கியுள்ள குடும்பங்களுக்காக நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரு சகோதரரைப் பற்றிச் சொல்லித் துவங்குகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். தையல் தொழிலாளி. ஜும்ஆவில் இரண்டாவது வரிசையில் தவறாமல் உட்காருபவர். நான்கு வாரமாக அவரைக் காணவில்லை. கேட்டால் உடம்பு சரியில்லை என்றார்கள். நலம் விசாரிக்க இரண்டு பேர் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி கதவைத் திறக்காமலேயே, "அவர் ஊரில் இல்லை" என்றார். உள்ளே தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டுக் கொண்டிருந்தது!

பிறகுதான் விஷயம் தெரிந்தது. முதல் வரிசையில் உட்காரும் மளிகைக் கடைக்காரருக்கு அவர் 10,000 ரூபாய் தர வேண்டும். அந்த முகத்தைப் பார்க்க அஞ்சி அல்லாஹ்வின் பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்தி விட்டார்.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனிலிருந்து பாதுகாவல் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்ற கருத்தில் விளக்கம் தந்தார்கள். இந்தச் செய்தி புகாரியில் உள்ளது. கடன் பணத்தை மட்டுமா எடுக்கிறது? நாக்கையும் எடுத்துக் கொள்கிறது. ஐந்து வேளை தொழும் பெண்மணியைக் கதவுக்குப் பின்னால் நின்று பொய் சொல்ல வைக்கிறது!

இதை வேடிக்கை பார்த்தவனாகச் சொல்லவில்லை. மதரஸாவில் ஓதி முடித்து வந்த புதிதில், தங்கையின் திருமணத்துக்காக நண்பர் ஒருவரிடம் கைமாற்று வாங்கினேன். சொன்ன தவணையில் கொடுக்க முடியவில்லை. ஏறத்தாழ இரண்டு வருடம் அவருடைய கடை இருக்கும் தெரு வழியாக நான் நடக்கவே இல்லை. மிம்பரில் நின்று அமானிதத்தைப் பற்றிப் பேசுவேன். இறங்கியதும் சுற்றுப் பாதையில் வீட்டுக்குப் போவேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

எனவே முதலில் ஒன்றை விளங்கிக் கொள்ளுங்கள். கடனாளியின் முதல் எதிரி கடன் கொடுத்தவன் அல்ல. அவன் ஒளிந்து கொள்கிற இடம்தான் அவனுடைய முதல் எதிரி.

எழுதுங்கள்!

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றிப் பேசுகிறது? கடனைப் பற்றித்தான் (2:282). கடனை எழுதிக் கொள்ளுங்கள், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சலிப்படையாதீர்கள் என்று அது கட்டளையிடுகிறது. நம்மில் எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்? கணவன் வாங்கியது மனைவிக்குத் தெரியாது. மனைவி குழுவில் வாங்கியது கணவனுக்குத் தெரியாது.

அந்தச் சகோதரரின் வீட்டில் ஓர் இரவு உட்கார்ந்தோம். பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து எழுதினோம். குழுக்கடன் ஒன்றில் மீதி 40,000. இன்னொன்றில் 30,000. நகை அடகு 60,000. தண்டல்காரருக்கு 10,000. மனைவியின் அண்ணனுக்கு 30,000. மளிகைக் கடைக்கு 10,000. ஆக மொத்தம் 1,80,000 ரூபாய்.

கூட்டிப் பார்த்ததும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நான் மூன்று லட்சம் இருக்கும் என்று நினைத்தேன் பாய்" என்றார். இருட்டில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தெரியும். விளக்கைக் கொண்டு போனால் கயிறுதான். சில நேரம் உண்மையிலேயே பாம்பாக இருக்கலாம். அப்போதும் விளக்கு வேண்டும் அல்லவா?

ஓட்டை எங்கே இருக்கிறது?

அடுத்து வரவு. இருவர் உழைப்பும் சேர்ந்து மாதம் 24,000. வாடகை, அரிசி, மளிகை, பிள்ளைகளின் படிப்பு, மருந்து, மின்சாரம் எல்லாம் சேர்த்து 18,000. மீதி 6,000. ஆனால் கட்ட வேண்டியதோ இரண்டு குழுக்கடனுக்கு 5,500, அடகுக்கு 1,000, தண்டலுக்கு நாளொன்றுக்கு 100 வீதம் 3,000. மொத்தம் 9,500. ஒவ்வொரு மாதமும் 3,500 ரூபாய் பள்ளம். அதை எப்படி நிரப்பினார்கள்? புதுக் கடன் வாங்கி! ஒரு பள்ளத்தை மூட இன்னொரு பள்ளம் தோண்டினால் மண் எங்கிருந்து வரும்?

ஆகவே முதல் சட்டம், கடனைக் கட்டக் கடன் வாங்காதீர்கள். கைப்பேசியில் ஐந்தே நிமிடத்தில் பணம் தருகிறோம் என்று வரும் செயலிகளின் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள். உங்கள் கைப்பேசியில் உள்ள உறவினர் எண்களை எடுத்துக் கொண்டு, அவர்களிடமெல்லாம் உங்கள் மானத்தை ஏலம் விட்ட கும்பல்கள் உண்டு.

ரகம் பிரியுங்கள்!

ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தை உஹதுப் போரில் ஷஹீதானார். பெண் பிள்ளைகளையும் பெருங்கடனையும் விட்டுச் சென்றார். கடன் கொடுத்தவர்கள் நெருக்கினார்கள். தோட்டத்தில் விளைவதை வாங்கிக் கொண்டு மீதியைத் தள்ளுபடி செய்யுமாறு நபியவர்கள் பரிந்துரைத்தும் அவர்கள் மறுத்து விட்டார்கள். அப்போது நபியவர்கள் என்ன வழி காட்டினார்கள்? பேரீச்சம் பழங்களை ரகம் ரகமாகத் தனித்தனியே குவிக்கச் சொன்னார்கள். பிறகு தாமே வந்தார்கள். கடன்காரர்களுக்கு அளந்து கொடுக்கப்பட்டது. அனைத்துக் கடனும் தீர்ந்து பழமும் மிஞ்சியது.

மிஞ்சியது அல்லாஹ் செய்த பரக்கத். அது நம் கையில் இல்லை. ஆனால் இருப்பதை ரகம் பிரித்ததும், ஒளியாமல் கடன்காரர்களுக்கு முன்னால் உட்கார்ந்ததும், அளந்து கொடுத்ததும் நம் கையில் இருக்கிறதே!

நாங்களும் பிரித்தோம். வேகமாக வளரும் கடன் எது? தண்டல். சொத்தை விழுங்கக் காத்திருப்பது எது? நகை அடகு. தங்கம் விலை ஏறியிருந்ததால் அடகிலிருந்த நகை கடனை விட அதிகம் பெறும். பைத்துல் மாலிலிருந்து காலையில் பணம் கொடுத்து நகையை மீட்டோம். ஒரு பகுதியை விற்றுத் தண்டலையும் முடித்து, மாலைக்குள் பைத்துல் மால் பணத்தைத் திருப்பி வைத்தோம். அந்தச் சகோதரி அழுதார். தாய் வீட்டு நகை. ஆனால் அடகுக் கடையின் பெட்டியில் கிடந்து ஏலத்துக்குப் போவதை விட இது மேல் என்று அவரே சொன்னார்.

மீதி 1,10,000. மாதம் 500 ரூபாயை அவசரத்துக்கென்று ஒதுக்கினோம். இல்லாவிட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மீண்டும் தண்டல்காரர்தான்! மிச்சம் 5,500 ரூபாயை அவரவர் பாக்கிக்கு ஏற்பப் பங்கிட்டால் 2,000, 1,500, 1,500, 500 என்று வரும். வட்டி, அபராதத்தைச் சேர்க்காமல் பார்த்தால் 20 மாதங்களில் முடியும்.

எப்படிப் பேசுவது?

இந்தக் கணக்கோடு ஒவ்வொருவரிடமும் போனோம். எல்லோரும் ஒப்புக் கொண்டார்களா? இல்லை. ஒரு நிறுவனம் எழுத்து மூலம் விண்ணப்பம் வாங்கிக் கொண்டு தவணைக் காலத்தை நீட்டித் தந்தது. இன்னொன்று ஒரு ரூபாய் கூடக் குறைக்க முடியாது என்று விட்டது. அவர்களுக்குப் பழைய தவணையான 2,500-ஐக் கொடுத்தாக வேண்டிய நிலை. மனைவியின் அண்ணன், "எனக்கு 500 கொடுங்கள் போதும், நான் கடைசியில் வாங்கிக் கொள்கிறேன்" என்றார். திட்டம் மாறியது, உடையவில்லை.

மளிகைக் கடைக்காரர்? "பணத்துக்காக நான் வருத்தப்படவில்லை. என்னைக் கண்டதும் அவர் எதிர்ச் சந்தில் திரும்பினாரே, அதுதான்" என்றார். மாதம் 500-க்குச் சம்மதித்தார்.

பேசும்போது சிலவற்றைக் கடைப்பிடியுங்கள். அவர் தேடி வருவதற்கு முன் நீங்கள் போங்கள். கட்ட முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். 2,000 என்று சொல்லிக் கொடுக்கும் 2,000, 5,000 என்று சொல்லிக் கொடுக்கும் 3,000-ஐ விட மதிப்பு மிக்கது. நிறுவனமாக இருந்தால் மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக் கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். வசூலிக்க வருபவரிடம் ரசீது இல்லாமல் பணம் தராதீர்கள். வெற்றுக் காசோலையிலும் வெற்றுப் பத்திரத்திலும் கையெழுத்திடாதீர்கள். கடனைக் கட்ட முடியாமல் போவது உரிமையியல் வழக்கு. அதே பணத்துக்காகக் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால் அது குற்ற வழக்கு. இந்த வேறுபாடு தெரியாமல் நீதிமன்றப் படியேறியவர்கள் பலர்.

தொகையைக் குறைத்து ஒரே தடவையில் முடிக்கலாமா? முடிக்கலாம். கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வர வேண்டிய கடனைப் பள்ளிவாசலில் கேட்டு, இரு தரப்பிலும் குரல் உயர்ந்தது. நபியவர்கள் பாதியைத் தள்ளுபடி செய்யுமாறு சைகை செய்தார்கள். கஅப் (ரலி) உடனே ஏற்றார். அடுத்து, கடன்பட்டவரிடம் எழுந்து போய் மீதியைக் கொடுக்கச் சொன்னார்கள். தள்ளுபடி ஒரு பக்கம், உடனே கொடுப்பது மறு பக்கம். வங்கியில் இப்படி முடித்தால் எழுத்தில் வாங்குங்கள், நிலுவை இல்லை என்ற சான்றையும் கேளுங்கள். முழுத் தொகையும் கட்டப்படவில்லை என்று உங்கள் கடன் வரலாற்றில் பதிவாகும், அடுத்த கடன் கிடைப்பது கடினமாகும் என்பதையும் அறிந்தே செய்யுங்கள்.

மிரட்டினால்?

கடன் கொடுத்தவருக்குப் பேச உரிமை உண்டு. நபியவர்களிடமே ஒருவர் கடுமையாகக் கேட்டபோது, அவரைத் தாக்க முனைந்த தோழர்களைத் தடுத்து, உரிமை உடையவர் பேசத்தான் செய்வார் என்று உணர்த்தினார்கள். ஆனால் கேட்பது வேறு, மிரட்டுவது வேறு.

2022-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, நுண்கடன் வசூலிப்பவர்கள் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. திட்டவோ மிரட்டவோ, உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் தொந்தரவு செய்யவோ கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே புகார் எழுதுங்கள். 30 நாட்களில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இன்றி இலவச சட்ட உதவி கிடைக்கும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்யலாம்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கத் தமிழகத்தில் 2003-லேயே சட்டம் வந்து விட்டது. 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கட்டாய வசூலுக்கு எதிராக 2025-லும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆனாலும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில், கந்து வட்டிக் கொடுமையால் இரண்டு பச்சிளம் குழந்தைகளோடு ஒரு குடும்பமே மாண்டது. அன்றைக்குச் சட்டம் வந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன! சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, பக்கத்தில் மனிதர்கள் இருக்க வேண்டும். உங்களில் யாருக்காவது உயிரை விட்டு விடலாம் என்ற எண்ணம் தோன்றினால், விடியும் வரை காத்திருக்காதீர்கள். ஒருவரிடமாவது இன்றிரவே சொல்லுங்கள். எங்கள் கதவைத் தட்டுங்கள்.

வட்டி ஹராம் என்ற சாக்கு

சிலர் கேட்கிறார்கள். "வட்டிதான் ஹராமாயிற்றே, கட்டாமல் விட்டால் என்ன?" வாங்கும்போது நினைவுக்கு வராத மார்க்கம் கட்டும்போது மட்டும் நினைவுக்கு வருகிறதா? வட்டி ஹராம்தான், சந்தேகமில்லை. ஆனால் அசல், கொடுத்தவரின் உரிமை என்று குர்ஆன் சொல்கிறதே (2:279). வட்டியையும் அபராதத்தையும் குறைக்கக் கேளுங்கள், போராடுங்கள். அந்தப் படுகுழியிலிருந்து எவ்வளவு விரைவில் வெளியேற முடியுமோ வெளியேறுங்கள். ஏமாற்றுவதற்கு மார்க்கத்தைக் கேடயமாக்காதீர்கள். வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்பதும் நபிமொழிதான்.

கொடுத்தவர்களே! ஜமாஅத்தார்களே!

கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன். விட்டுக் கொடுத்தால் அது இன்னும் சிறந்தது என்கிறது (2:280). ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டு (9:60). நம் ஊர் ஜகாத் பட்டியலில் அவர்களுக்கு இடம் இருக்கிறதா? கடனோடு இறந்த ஒருவருக்குத் தொழ வைக்க நபியவர்கள் தயங்கியபோது, அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்றார்கள். பிறகே ஜனாஸா தொழுகை நடந்தது. நாமோ மய்யித்தைத் தூக்கும்போது, "கடன் ஏதும் இருந்தால் குடும்பத்தாரிடம் கேளுங்கள்" என்று அறிவித்து விட்டுக் கலைகிறோம். அவர் உயிரோடு இருக்கும்போது யார் கேட்டோம்?

ஒவ்வொரு மஹல்லாவிலும் மூன்று பேர் முன்வாருங்கள். வாய் அடக்கமுள்ள மூன்று பேர்! கணக்குத் தெரிந்தவர் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், கடன் கொடுத்தவர்கள் மதிக்கும் பெரியவர் ஒருவர். பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நோட்டும் ஓர் இரவும் போதும்.

அந்தத் தையல் சகோதரரின் கடன் இன்னும் தீரவில்லை. எட்டுத் தவணைகள் கட்டியிருக்கிறார். ஒரு மாதம் தவறியது; தவறும் என்று முன்கூட்டியே போய்ச் சொல்லி விட்டு வந்தார். ஆனால் ஜும்ஆவுக்கு வருகிறார். போன வாரம் இரண்டாவது வரிசையில், மளிகைக் கடைக்காரருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் ஊரில் எந்த வரிசையில் யாரைக் காணவில்லை என்று இந்த வெள்ளிக்கிழமை பாருங்கள். கடனின் சுமையை விட்டும், கடன் சொல்ல வைக்கும் பொய்யை விட்டும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக!