மகன் ஒட்டிய கார்



பொழுதுபோக்கு பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறதா என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய ஐயா, கெடுக்கிறது என்றார். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை, அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் லுக்குட் வட்டாரத்துத் தோட்ட லயத்தில் பிறந்தவன். அப்போது எங்கும் கித்தா மரம். செம்பனை பிறகுதான் வந்தது. கடையில் வாங்கிய விளையாட்டுக் கார் எங்களுக்கு ஏது? பால் டின்தான் வண்டி. பிய்ந்த ஜப்பான் சிலிப்பரை வெட்டினால் சக்கரம். பிறகு தோட்டத்துப் பட்டறையில் லாரி, டிராக்டர் பழுது பார்த்தே முப்பது ஆண்டுகள் போயின.

என் மகன் ஐந்தாம் படிவம் படித்தபோது, சேர்த்து வைத்த காசில் ஒரு பெட்டி வாங்கி வந்தான். உள்ளே வெறும் பிளாஸ்டிக் துண்டுகள். ஒட்டி முடித்தால் 1963ஆம் ஆண்டின் அமெரிக்கக் கார், செவர்லே கார்வெட் ஸ்டிங் ரே. நம் பினாங்கு மாநிலத்தில் 1980களிலிருந்து செய்து உலகமெங்கும் அனுப்பும் ஹாட் வீல்ஸ் காரைப் பார்த்திருப்பீர்கள். அது அசலில் ஏறக்குறைய 64இல் ஒரு பங்கு. இவன் வாங்கியது 25இல் ஒரு பங்கு. அசல் வண்டி 175 அங்குல நீளம், இவனுடையது 7 அங்குலம். இந்தக் கணக்கை எனக்குச் சொன்னவனே அவன்தான். வகுத்தல் என்றாலே ஓடி ஒளிந்த பையன்!

"ஏன்டா 1963?" என்று கேட்டேன். அந்த ஆண்டு கூபே வண்டியில் மட்டும் பின் கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருக்குமாம். நடுவில் முதுகெலும்பு போல ஒரு பட்டை. வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் அது இருந்தே ஆகவேண்டும் என்றார். பொறியாளர் சோரா ஆர்கஸ் டன்டோவ், பின்னால் வருவது தெரியாது என்று எதிர்த்தார். 1964இல் ஒற்றைக் கண்ணாடி வந்துவிட்டது. என் ஓட்டு பொறியாளருக்குத்தான். லாரி ஓட்டியவனுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் 1963 வண்டி வைத்திருந்த சிலர், புதிய கண்ணாடிக்கு ஆசைப்பட்டுத் தங்கள் காரின் பட்டையையும் வெட்டி எறிந்தார்கள். இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது பட்டை கெடாத வண்டியை!

எஸ்.பி.எம். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. இரவு பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால், புத்தகம் மூடியிருக்கிறது; மேசையில் கார். பிடுங்கிச் சுவரில் அடித்தேன். கூரை உடைந்தது. அந்த நடுப்பட்டை எங்கே தெறித்ததோ, கிடைக்கவே இல்லை. அவன் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. உடைந்ததைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தான். அன்று முதல் என்னிடம் பேச்சும் இல்லை. அவன் தாயார் வழியாகத்தான் எல்லாம்.

தேர்வு முடிந்த அன்று மாலை ஒரு மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தான். துண்டுகளைக் கழற்றிய பிறகு மிச்சமிருந்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு குச்சியை ஒடித்து, தீயில் படாமல் மேலே காட்டினான். இளகியதும் மெல்ல இழுத்தான். கம்பியாக நீண்டது. ஆறியதும் அளந்து வெட்டினான். ஒட்டிக் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்க வேண்டுமாம். பட்டறைக்காரன் நான், சும்மா இருக்க முடியுமா? பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்றான்.

எத்தனை வாரம் கழித்து வந்த 'அப்பா' தெரியுமா?

தேர்வு முடிவு என்ன என்று கேட்பீர்கள். சுமார்தான். காரை உடைத்ததால் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. பெற்றோர்களே, நேரத்துக்கு வரம்பு வையுங்கள், கண்டியுங்கள், வேண்டுமானால் பெட்டியை வாங்கிப் பூட்டி வையுங்கள். தேர்வு முடிந்ததும் திருப்பிக் கொடுக்கலாம். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

அந்தக் கார் இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பின்பக்கம் உற்றுப் பார்த்தால் பட்டை ஒரு பக்கம் சற்றுக் கோணல். அது நான் பிடித்த முனை.