ஒயர் எட்டும் தூரம்

(சங்கக் கூடத்தில் நடந்த ஆவணப்பட மாலையில், திரையிடலுக்கு முன் ஆற்றிய அறிமுக உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் எனக்குப் பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார். படத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் படத்தைவிட நீளமாகப் பேசிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

இன்று நாம் பார்க்கப்போவது ஆக்னஸ் வர்தா 1975இல் எடுத்த 'டாகெரியோடைப்ஸ்' என்ற பிரெஞ்சு ஆவணப்படம். பாரிஸில் ரூ டாகேர் என்று ஒரு தெரு. 1950களின் தொடக்கத்திலிருந்து 2019இல் இறக்கும்வரை வர்தா குடியிருந்தது அங்கேதான். இந்தப் படம் எடுத்த சமயத்தில் அவருடைய மகனுக்கு இரண்டு மூன்று வயது. குழந்தையை விட்டுவிட்டு வெளியூர் போய்ப் படமெடுக்க முடியாது. எனவே தன் வீட்டு மின்பெட்டியிலிருந்து ஒரு நீளமான ஒயரை இழுத்தார். 80, 90 மீட்டர் இருக்கும். அந்த ஒயர் எட்டும் தூரத்துக்குள் யார் கடை வைத்திருக்கிறார்களோ, அவர்கள்தான் படத்தின் மனிதர்கள். நம் முதல் பிளாக்கிலிருந்து பிள்ளையார் கோயில்வரைகூட வராது அந்தத் தூரம்.

ரொட்டிக் கடைக்காரர், கறிக்கடைக்காரர், தையல்காரர், முடிதிருத்துகிறவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்று ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். வர்தா அவர்களிடம் பெரிய கேள்வி எதுவும் கேட்பதில்லை. எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்? கணவனும் மனைவியும் எப்படிச் சந்தித்துக்கொண்டீர்கள்? தூக்கத்தில் என்ன கனவு வரும்? அவ்வளவுதான். பாரிஸ்காரர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலானோர் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்று அப்போது தெரிகிறது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், முதல் கால் மணி நேரம் எதுவுமே நடக்காததுபோல இருக்கும். கறியை எடை போடுவார்கள், சில்லறை கொடுப்பார்கள். பொறுமையாக இருங்கள். தெருவிலுள்ள காபிக்கடையில் ஒரு மந்திரவாதி வந்து வித்தை காட்டுவார். அத்தனை கடைக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர் கத்தியை எடுக்கும்போது வர்தா சட்டென்று கறிக்கடைக் கத்தியைக் காட்டுவார். அங்கிருந்து படம் உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் தெருவுக்குப் பெயர் கொடுத்த லூயி டாகேர், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட அவருடைய முறைக்குத்தான் டாகெரியோடைப் என்று பெயர். அவர் 1838 வாக்கில் பாரிஸின் ஒரு பெரிய சாலையை ஜன்னலிலிருந்து எடுத்த படம் மிகவும் புகழ்பெற்றது. தகட்டில் உருவம் பதிய அப்போது சில நிமிஷங்கள் ஆகும். சாலையில் போன வண்டிகள், குதிரைகள், ஜனங்கள் எதுவுமே பதியவில்லை. ஒரே இடத்தில் நின்று பூட்ஸுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் பதிந்துவிட்டார். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர் என்று அவரைச் சொல்வார்கள். வர்தாவும் தன் தெருக்காரர்களை இப்படி அசையாமல் நிற்கவைத்துக் காட்டுவார். ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

அதே 1975இல், ஏப்ரல் 17ஆம் தேதி, கம்போடியாவில் கெமர் ரூஜ் படையினர் நோம்பென் நகருக்குள் நுழைந்தார்கள். சில நாட்களில் அந்தத் தலைநகரத்தையே காலி செய்தார்கள். அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் பட்டினியாலும் கொலையாலும் செத்தவர்கள் 17 லட்சம் முதல் 20 லட்சம் பேர் என்பது கணக்கு. வெளியேற்றப்பட்டவர்களில் ரித்தி பான் என்ற சிறுவனும் ஒருவன். அவன் குடும்பத்தில் பலர் மாண்டார்கள். பின்னாளில் அவர் திரைப்பட இயக்குநர் ஆனார். தாம் வளர்ந்த வீட்டையும் தெருவையும் காட்ட நினைத்தபோது கையில் படம் எதுவும் இல்லை. மிஞ்சியிருந்தவை ஆட்சியாளர்கள் எடுத்த பிரச்சாரப் படச்சுருள்கள்தான். அதனால் 2013இல் வந்த 'காணாமல்போன படம்' என்ற ஆவணப்படத்தில், களிமண் பொம்மைகள் செய்து வண்ணம் தீட்டி, அப்பாவையும் அம்மாவையும் அக்கம்பக்கத்தாரையும் திரும்ப நிற்கவைத்தார். அந்தப் பொம்மைகள் அசைவதில்லை. அடுத்த திரையிடலுக்கு அதைத்தான் கேட்டிருக்கிறேன். அவர் முன்னின்று 2006இல் நோம்பென்னில் தொடங்கிய போபானா மையத்தில், கம்போடியாவைப் பற்றிய பழைய படங்களையும் ஒலிப்பதிவுகளையும் தேடிச் சேர்த்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறார்கள்.

ஆண்டுவிழாவுக்கு நம் வளாகத்தை ட்ரோன் வைத்து எடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. எடுக்கலாம், மொட்டை மாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் நன்றாகத் தெரியும். அதற்கு ஆகும் செலவில் பாதிக்கு, இஸ்திரி போடுகிறவரையும் ஏ பிளாக் பாட்டிமார்களையும் உட்காரவைத்துப் பேசவைக்கலாம் என்பது என் கட்சி. செயற்குழு முடிவு செய்யட்டும்.

கடைசியாக ஒன்று. படத்தில் வாசனைத் திரவியமும் சில்லறைச் சாமான்களும் விற்கும் ஒரு பழைய கடை வரும். வயதான தம்பதி. அந்த அம்மாளுக்கு நினைவு தடுமாறுகிறது. பொழுது சாயும் நேரத்தில் எங்கோ கிளம்ப வேண்டும்போல ஒரு தவிப்பு வந்து, கதவருகே போய் நிற்பார். பிறகு திரும்பி வந்துவிடுவார். தன்னைப் படமெடுப்பது என்ன என்று முழுதாக அறிய முடியாத ஒருவரை எடுக்கலாமா? எனக்கு இந்தக் காட்சி முதல் தடவை உறுத்தலாகத்தான் இருந்தது. நம் வாட்ஸ்அப் குழுவிலேயே, வழி தவறி கேட் அருகே நின்ற பெரியவரைப் படம் பிடித்து 'இவர் யார் வீடு?' என்று போட்டதுண்டு. உதவத்தான் போட்டார்கள். ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு எப்படி இருந்திருக்கும்? வர்தா அந்தக் கடையின் வாடிக்கையாளர், பக்கத்து வீட்டுக்காரர். கணவர் கூடவே இருக்கிறார். கேமரா அந்த அம்மாளைத் துரத்தாமல் ஓரமாகக் காத்திருக்கிறது. அதனால் எடுத்தது சரி என்று இப்போது நினைக்கிறேன். மறதியோடு வாழும் பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். நீங்கள் என்னோடு உடன்படாமல் போகலாம். அதைக் கேட்கத்தான் ஆவலாக இருக்கிறேன்.

படம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆங்கிலத் துணையெழுத்து உண்டு, கண்ணாடி கொண்டுவராதவர்கள் முன் வரிசைக்கு வாருங்கள். டீ முடிந்த பிறகு பேசலாம். விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.