இரு முதியவர்



திரைப்படம் என்றாலே முகஞ்சுளிப்போர் நம்முள் பலர். அரிவாளையும் அரத்தத்தையும் காட்டிக் காசு பார்க்கும் படங்களைக் கண்டு சலித்தோர் அவ்வாறு சுளிப்பதில் தவறில்லை. ஆயினும், பொருநையாற்றங்கரை இளைஞர் ஏன் அரிவாள் எடுக்கின்றனர் என்று கவல்வோர், 2018-இல் வெளிவந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தை ஒருமுறை ஊன்றிப் பார்த்தல் நன்று. இயக்கியவர் இம்மண்ணிற் பிறந்த மாரி செல்வராசு.

புளியங்குளத்து இளைஞன் பரியன், ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்தவன். அம்பேத்கரைப்போல் சட்டங் கற்க விழைந்து, நெல்லைச் சட்டக் கல்லூரிக்கு வருகிறான். அங்கே அவனுக்கு விழும் முதல் அடி ஆங்கிலம். தமிழில் பயின்று வந்த தமிழ் மகன், தமிழ்நாட்டு வகுப்பறையில் நகைப்புக்கு ஆளாகிறான்; சொந்த மண்ணிலேயே அயலானாகிறான். சோதி என்னும் மாணவி அவனுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறாள். அந்நட்பே அவனுக்குத் தீங்காய் முடிகிறது. அவள் வீட்டுத் திருமணத்திற்குச் சென்றவனை உறவினர் அறையில் அடைத்து அடித்து, அவன்மேல் சிறுநீர் கழிக்கின்றனர். கூத்தில் பெண்வேடம் புனையும் அவன் தந்தையைத் தெருவில் ஆடை களைந்து ஓட விடுகின்றனர்.

இக்கொடுமைகளைச் செய்வோருள் பரியனோடு அதே கல்லூரியில் பயிலும் இளைஞரும் உண்டு. அவர்கள் நெஞ்சில் இந்நஞ்சை வார்த்தவர் யார்?

விடையாகப் படம் ஒரு முதியவரைக் காட்டுகிறது. பார்வைக்கு எளியவர்; சாதி கடந்து பழகுவோரைக் கொல்வதே அவர் தொழில். கொலையை நேர்ச்சி (விபத்து) போலத் தோன்றச் செய்வார். அதனைக் குலத்திற்குத் தாம் ஆற்றும் தொண்டென்றே நம்புகிறார். அவர் மடியில் வளரும் தலைமுறை வேறு எதைக் கற்கும்?

படத்தில் இன்னொரு முதியவரும் உண்டு. அவர் கல்லூரி முதல்வர். செருப்புத் தைத்தவரின் மகன். தாம் பட்ட இழிவையும் கல்வியால் நிமிர்ந்ததையும் பரியனுக்கு எடுத்துரைக்கிறார். இறுதியில், தன்னைக் கொல்ல ஆளேவிய சோதியின் தந்தையைத் தாக்கும் வலிமை இருந்தும், பரியன் அவரை உயிரோடு விடுகிறான். அம் முதல்வரின் சொல்லுக்கும் அம் முடிவில் பங்குண்டு.

இஃது வெறுங் கதையென்று ஒதுக்கற்க. 2023 ஆகசுட்டுத் திங்களில், நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட குடியைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். பிடிபட்டோருள் உடன் பயின்ற மாணவரும் இருந்தனர். அதன்பின் அரசு அமர்த்திய ஓய்வுபெற்ற உயர்முறைமன்ற நடுவர் சந்துரு, 2024 சூன் திங்களில் அறிக்கை அளித்தார். பள்ளிப் பெயர்களினின்று சாதிப் பெயர் நீங்கவேண்டும், மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது என்பன அவர் பரிந்துரைகளுட் சில.

பெருமக்களே! பதினான்கு அகவைச் சிறுவன் அக்கயிற்றைத் தானே திரித்துக்கொள்வதில்லை. அவனுக்கு வண்ணம் சொல்லிக் கொடுத்தவர் அகவையில் மூத்தவர். மேடையில் ‘தமிழர் ஓரினம்’ என்று முழங்கிவிட்டு, வீட்டுத் திண்ணையில் எதிர்த்தெருவாரை இழித்துப் பேசும் தமிழன், முதலில் கண்ட முதியவரின் மாணவனே. தூய தமிழில் இழித்தாலும் இழிவு இழிவே.

ஆதலின் நம் கடமை இரண்டு. சட்டமும் மருத்துவமும் தமிழில் கற்பிக்கப்பட வேண்டும். தமிழ் பயின்ற பிள்ளை எந்த வகுப்பறையிலும் தலைகுனியலாகாது. அடுத்தது, அரசாணைக்குக் காத்திராமல் இன்றே செய்யத்தக்கது: அவரவர் வீட்டுப் பிள்ளையின் மணிக்கட்டைப் பாருங்கள். கயிறு இருப்பின், அதன் பொருளை அவனோடு பேசி, அவன் கையாலேயே அவிழ்க்கச் செய்யுங்கள்.

படத்தின் முடிவில் இரு தேநீர்க் குவளைகள். இடையே ஒரு பூ. அக்குவளைகளுக்கு உரியோர் இன்னும் ஒன்றாய் அமரவில்லை. அமரச் செய்யும் பொறுப்பு, பிள்ளைகளைப் பெற்ற நம்முடையது.