முத்திரை குத்திய கை



புல் தின்னும் பசுவுக்குப் பசுவையே தின்னக் கொடுத்தார்கள், இங்கிலாந்தில். இறைச்சிக்கூடத்தில் மிஞ்சிய எலும்பையும் கழிவையும் உருக்கி, அரைத்துத் தூளாக்கி, புரதச்சத்து என்று சொல்லிக் கன்றுகளின் தீவனத்தில் கலந்தார்கள். விலை மலிவு அல்லவா! மாடுகள் கால் தடுமாறி விழுந்தன; சாதுவான கறவைகள் உதைக்கத் தொடங்கின. 1986 நவம்பரில் வெய்பிரிட்ஜ் கால்நடை ஆய்வுக்கூடத்தில் அந்த மாடுகளின் மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், ஓட்டை ஓட்டையாக இருந்தது. அதுதான் ‘மேட் கவ்’ நோய்.

அரசு சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். 1988 ஜூலையில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் அந்தத் தூளைத் தடை செய்தது. ஆனால் என்ன செய்தார்கள் தெரியுமா? கையிருப்பைத் தீர்த்துக்கொள்ள ஐந்து வாரம் அவகாசம் கொடுத்தார்கள்! பன்றித் தீவனத்திலும் கோழித் தீவனத்திலும் அதே தூள். பல இடங்களில் அதே ஆலை, அதே இயந்திரம். கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தால் என்ன என்றிருந்தார்கள். நோய் கண்ட மூளை ஒரு கிராம் போதும், ஒரு மாட்டைச் சாய்க்க! தடைக்குப் பிறகு பிறந்த மாடுகளிலேயே 40,000-க்கு மேல் நோயில் விழுந்தன.

மனிதரைக் காக்கவும் சட்டம் வந்தது. மூளை, தண்டுவடம் எதுவும் உணவில் சேரக்கூடாது என்று 1989-இல் உத்தரவு. 1995-இல் திடீர்ச் சோதனைக்குப் போனால், ‘உண்ணத் தகுந்தது’ என்று முத்திரை குத்திய இறைச்சியில் தண்டுவடத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது! வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் 1990-இல் மாட்டிறைச்சியால் ஆபத்தில்லை என்று காட்ட, கேமராக்களுக்கு முன்னால் தன் சின்ன மகளுக்கு பர்கர் நீட்டியதை ஊரே திட்டித் தீர்த்தது. எனக்கு அவர்மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை ஐயா. கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தினானே, அந்தக் கைமேல்தான் கோபம்.

1996 மார்ச் 20 அன்று, இந்த நோய் மனிதருக்கும் வந்திருக்கக்கூடும் என்று நாடாளுமன்றத்தில் அரசு ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் 178 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதுக்காரர்கள். இந்த நோயைப் பரப்புவது கொதிக்க வைத்தாலும் அழியாத ஒரு புரதம். குணமாக்க இன்றுவரை மருந்தில்லை. 1996-இல்தான் பன்றி, கோழி என்று பாராமல் பண்ணை விலங்குகள் எல்லாவற்றுக்கும் அந்தத் தூள் நின்றது. நோயும் மளமளவென்று இறங்கியது.

இத்தனையும் பட்ட பிறகு, 2018-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் ஒரே ஒரு மாட்டுக்கு நோய் தெரிந்தது. இறைச்சியாகச் சந்தைக்குப் போகாத மாடு அது. ஆனாலும் பண்ணையில் மாடுகளின் போக்குவரத்தை நிறுத்தி, அது ஈன்ற கன்றுகளையும் கூட வளர்ந்தவற்றையும் தேடிப்பிடித்து அழித்தார்கள்.