மூளை நல்லா இருந்தால் சந்தோஷம் நிலைக்கும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

 நான் பத்தாவது வரை படித்த குடும்பப் பெண். மூளை நலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கை கால் வலித்தால் தைலம் தேய்க்கிறோம். மூளைக்கு வலி தெரியாது. அதனால் நாம அதை நினைக்கிறதே இல்லை. ஆனால் சிரிப்பு, அழுகை, பிள்ளைங்க பேரு, கடன் கணக்கு எல்லாத்துக்கும் அதுதான் இடம். உடம்பு எடையில் மூளை 100-க்கு 2 பங்குதான். உடம்புக்கு வேண்டிய சக்தியில் 5-ல் 1 பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரத்தம். ரத்தக் குழாய் கெட்டால் மூளையும் கெடும்.

எங்க மாமியாருக்கு பிரஷர் இருப்பதை, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்த அக்காதான் கண்டுபிடிச்சாங்க. "எனக்கு ஒண்ணும் செய்யலையே, எதுக்கு மாத்திரை?" என்று மாமியார் கேட்டார். பிரஷர் அப்படித்தான், சத்தமே போடாது. சர்க்கரையும் அப்படித்தான். இப்போ மாத்திரையை விடாமல் போடுகிறார், தோட்டத்துக்கும் போகிறார்.

வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குளறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-க்குப் போன் பண்ணுங்க. தண்ணிகூட வாயில் ஊத்தாதீங்க. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடணும், அதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுக்கணும். நாம 70 கொண்டை ஊசி வளைவு இறங்கியாகணும். "விடிஞ்சதும் பார்த்துக்கலாம்" என்று உட்கார நமக்கு நேரம் கிடையாது. வராமல் காப்பதுதான் நமக்கு லாபம்.

அதுக்கு என்ன செய்யணும்? ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் உப்புக்கு மேல் வேண்டாம். ஊறுகாய், கருவாட்டில் இருக்கும் உப்பும் இதில் சேர்த்திதான். வெத்தலையோடு போடுற புகையிலையை விடுங்க. குச்சிக்கிழங்கு வந்த பிறகு குறைஞ்சுபோன சாமைச் சோறும் ராகிக் களியும் கீரையும் திரும்ப அடுப்பேறட்டும். தூக்கத்தைக் குறைக்காதீங்க.

சாப்பாடு மட்டும் போதாது. ஆள்கள் வேணும், பேச்சு வேணும். தனிமை மறதி நோய்க்கும் ஒரு காரணம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கைநாட்டு வைத்தவர்கள் நம்ம குழுவில் கையெழுத்துப் போடக் கற்றார்களே, அதுவும் மூளைக்கு வேலைதான். எந்த வயசிலும் புதுசா ஒண்ணு கத்துக்கலாம்.

ரெண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரலை, எதிலும் பிடிப்பில்லை, அழுகையா வருது என்றால் "திமிரு", "காத்து கருப்பு" என்று ஒதுக்காதீங்க. அது மனச்சோர்வாக இருக்கலாம், மருந்து இருக்கு. 14416 என்ற டெலி மனஸ் நம்பருக்கு ராத்திரி பகல் எப்பவும் பேசலாம். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கடைசியா ஒரு கோரிக்கை. வாரக் கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடிச்சதும் ஒருத்தரை ஒருத்தர் ரெண்டு கேள்வி கேட்போம்: "மாத்திரை போட்டாச்சா? நல்லா தூங்கினியா?" ரெண்டு வாரம் வராத உறுப்பினர் வீட்டுக்கு யாராவது ஒருத்தர் போகணும். தவணை கேட்க இல்லை, ஆளைப் பார்க்க. இதைத் தீர்மான நோட்டில் எழுதினால் எல்லாக் குழுவும் செய்யும்.